யார் கொடுத்த கைச்சரக்கு?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குருபரப்பள்ளியில் சென்றாயன் வீட்டு வாசலில், புங்கமரத்தடியில் இருந்தவர்கள்:

ஊர்க்கவுண்டர் நஞ்சப்பன். கயிற்றுக் கட்டில் அவருக்கு மட்டும்.

வீட்டுக்காரன் சென்றாயன். சலவைச் சட்டை போட்டிருந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியாது.

அவன் தாய் நாராயணம்மா. வாசற்படியில், கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

அவன் மனைவி பூவம்மாள். மரத்துக்கும் வாசலுக்கும் நடுவில், வெயிலில்.

ரோட்டோர டீக்கடைக்காரர் கௌஸ் பாஷா. ஆள் விட்டுக் கூப்பிட்டதால் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர்.

நாடக வாத்தியார் வெங்கடப்பன். மடியில், துணியில் சுற்றிய நாடகப் புத்தகம்.

நாடகத்தில் பபூன் வேஷம் கட்டும் முனிவேல். பூவம்மாளின் அண்ணன். இத்தனை பேரும் கூடியது அவன் வாயால்.

வேலிக்கு அப்பால் முப்பது நாற்பது பேர். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்கள் அவர்கள்தான்.

சென்ற வாரத்தை விட்டவர்களுக்காக நாலு வரி.

பபூன் எந்த ஊருக்குப் போனாலும் பகலில் ஒரு சுற்றுச் சுற்றுவான். யாராவது ஊர்ச் சங்கதி ஒன்றைக் காதில் போடுவார்கள். பேரைச் சொல்லாமல் அதை மேடையில் வைத்துக் கட்டி விடுவான். ஞாயிற்றுக்கிழமை குருபரப்பள்ளியில் முனிவேல் கட்டியது இரண்டு வீட்டில் சோறு தின்னும் ஒரு மனுஷன் கதை. ஊரே புரண்டு சிரித்தது. பெண்கள் பக்கத்தில் முதலில் எழுந்த சிரிப்பு பூவம்மாளுடையது. அது அவனுக்குத் தெரியும். கூட வளர்ந்த சிரிப்பு. ஆனால் பாதியிலேயே ஜனம் அவனைப் பார்க்காமல் திரும்பித் திரும்பி வேறெங்கோ பார்த்தது. அங்கே அவன் மச்சான் சென்றாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

முகத்து மாவைத் துடைக்கும்போதுதான் ஒரு ஆள் வந்து முதுகில் தட்டினான்.

"உன் மச்சானயே வாங்கு வாங்குன்னு வாங்கிட்டியேப்பா. உனுக்கு நெஞ்சழுத்தம்தான்."

அதற்குப் பிறகு முனிவேல் சரியாகத் தூங்கவில்லை. அவனுக்குள் ஒரே கேள்வி. அந்தச் சங்கதியை அவனுக்குக் கொடுத்தது பூவம்மாள்தான். மத்தியானம் களி போட்டுக்கொண்டே, "மேட்டுத் தெருவுல ஒருத்தரு இருக்காருண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த ஒருத்தர் தன் புருஷன் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் சொல்லியிருந்தால், ஊர் முன்னால் அவள் வயிற்றில் அடித்தவன் அவன். தெரிந்து சொல்லியிருந்தால்? அதை அவன் யோசிக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை விடிகாலை கெலமங்கலத்தில் அவன் கிளம்பும்போது அவன் மனைவி சரோஜம்மாள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அது அவள் அப்பா வீடு. ஒரே அறை. அவள் அப்பா, தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள் மூன்று, அப்புறம் இவள். நாடகம் இல்லாத நாளில் முனிவேல் வந்தால் வெளியே மாட்டுக்குப் பக்கத்தில் படுப்பான்.

"ஞாயம் எப்பிடிப் போனாலும் சரி, கூட்டிட்டு மட்டும் வந்துடாத" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"யாரு கூட்டிட்டு வரன்னது?"

"உன் மூஞ்சி சொல்லுதே."

"அவ என் தங்கச்சிடி."

"இல்லன்னு யாரு சொன்னா? எங்க படுப்பா? எங்கப்பன் கால்மாட்டுலயா? என்னயே இங்க ஒரு வாய் அதிகம்னு தம்பி பொண்டாட்டி தெனம் பாத்திரத்த நங்கு நங்குன்னு போடறா. நீ ஒரு வீட்டப் பாரு. பாத்துட்டு தங்கச்சியக் கூட்டியா, அவ பிள்ளையக் கூட்டியா, ஊரயே கூட்டியா. நான் ஆக்கிக் கொட்டறன்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவனுக்கு எரிந்தது.

"போயி, அது நாடகப் புத்தகத்துலயே இருக்குதுன்னு சொல்லிடு" என்றாள் சரோஜம்மாள். "புத்தகத்துல இருக்கறதுக்கு யார என்ன பண்ண முடியும்?"

அந்த யோசனை அவனுக்குப் பிடித்திருந்தது. ஓசூரில் பஸ் மாறும்போது வாத்தியார் வெங்கடப்பனும் வந்து சேர்ந்தார். ஊர்க்கவுண்டர் அவரையும் புத்தகத்தோடு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். முனிவேல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டுப் பார்த்தான்.

"வாத்தியாரே, பாடத்துலயே இருக்குதுன்னு சொல்லிடலாமா?"

"டேய், ஸ்டேஷன்ல காட்டிக் கையெழுத்து வாங்கின புத்தகம்டா இது. இல்லாதத இருக்குதுன்னு சொல்லி மாட்டினா, நாளைக்கு ஒரு ஊர்ல நாடகக் கொட்டா போட விடமாட்டான். பதினாலு பேரு சோறு."

"கேட்டாத்தான?"

"கேக்காமயா என்ன வரச்சொன்னாரு?"

கேட்டார். புங்கமரத்தடியில் உட்கார்ந்ததும் கவுண்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"முனிவேலு, அன்னிக்கு நீ சொன்னது நாடகத்துல இருக்கறதா, உன் சொந்தமா?"

"நாடகத்துல இருக்கறதுங்க கவுண்டரே."

"வாத்தியாரே, அந்த எடத்தப் படிங்க."

வாத்தியார் துணியைப் பிரித்தார். எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"ராஜா: மந்திரியாரே, யாம் வனம் ஏகும் வேளை வந்தது. மந்திரி: தங்கள் சித்தம், மகாராஜா. இருவரும் போதல். பபூன்... கைச்சரக்கு."

நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு கோடுங்க."

"கோட்டுல என்னா எழுதியிருக்குது?"

"கோடுங்க. கோட்டுல என்னாங்க எழுதறது?"

வேலிக்கு அப்பால் யாரோ களுக்கென்றார்கள். கவுண்டர் திரும்பிப் பார்த்தார். அடங்கியது.

"அது என்னா கைச்சரக்கு? எங்களுக்குப் புரியறாப்பல சொல்லுங்க."

வாத்தியார் முனிவேலைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ராஜாவுக்கு என்னா பேச்சுன்னு நான் எழுதிக் குடுப்பன். அது பாடம். ஒரு எழுத்து தப்பினா அடிப்பன். பபூனுக்குப் பாடம் கெடையாதுங்க. அவன் வந்து நிக்கற எடத்துல அந்த ஒரு வார்த்தய எழுதி ஒரு கோடு போட்டுருவன். பத்து நிமிசமோ அர மணியோ, அவன் பாடு, ஜனம் பாடு. அங்கயே நின்னு, அந்த ஊர்ல கெடச்சத வச்சி, அவனாக் கட்டி விடறதுதான் கைச்சரக்கு."

"அதாவது பொய்."

"பொய்ன்னு சொல்ல முடியாதுங்க. ஜனம் சிரிக்கலன்னா பொய். சிரிச்சிட்டா கைச்சரக்கு."

"அப்ப இவன் இப்ப சொன்னது?" என்று கவுண்டர் முனிவேலைக் காட்டினார். "நாடகத்துல இருக்குதுன்னானே."

யாரும் சிரிக்கவில்லை.

"நான் அன்னிக்கு ஊர்ல இல்ல" என்றார் கவுண்டர். "சூளகிரியில ஒரு சாவு. கேக்காதத வச்சி நான் ஞாயம் சொல்ல முடியாது. சொல்லு, கேப்போம்."

"என்னாங்க சொல்றது?"

"அன்னிக்கு சொன்னத."

"அது திரும்ப வராதுங்க கவுண்டரே. அன்னிக்கு ராத்திரியோட போச்சிங்க."

"வரும். வரவழ."

முனிவேல் எழுந்து நின்றான். பதினோரு வருஷமாக மேடை ஏறுகிறவன். மாவு பூசாமல், தொப்பி இல்லாமல், பகல் பத்து மணி வெயிலில் தங்கச்சி வீட்டு வாசலில் நின்றபோது கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. பூவம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சென்றாயன் மரத்தைப் பார்த்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"ராஜா காட்டுக்குப் போயிட்டாரு. அரண்மனையில அடுப்பு எரியல. எல்லாரும் அழுவறாங்க. எனக்கு என்னா கவல? எனக்கு ரெண்டு வீடு. மொத வீட்டுல களி. மூணு உருண்ட. மூணும் தின்னாவணும். கொறச்சா சந்தேகம் வந்துரும், ஏன் பசி இல்லன்னு. தின்னுட்டு, 'இன்னொண்ணு போடேன்'னு வேற கேக்கணும்."

குரல் வறண்டு போயிருந்தது. ஒப்பிப்பதுபோல் இருந்தது. இப்படியே போகட்டும் என்று அவன் நினைத்தான். செத்த மாடு மாதிரி கிடக்கட்டும்.

"அப்புறம் ரெண்டாவது வீடு. அங்க கோழிக்குழம்பு. 'எதனா சாப்டீங்களா?' அப்பிடின்னு அந்தம்மா கேக்கும். 'காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல'ன்னு சொல்லணும். சொல்றப்ப ஏப்பம் வரும். கொட்டாவி மாதிரி மாத்தணும்."

மாற்றிக் காட்டினான். அவன் காட்ட நினைக்கவில்லை. வாய் தானாகக் காட்டிவிட்டது. வேலிக்கு அப்பால் ஒருவன் மூக்கால் சிரித்தான்.

"கட்டின ஏப்பத்த எங்க விடறது? மொத வீட்டுல விட்டா எங்க தின்னம்பாங்க, ரெண்டாவது வீட்டுலயும் எங்க தின்னம்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மைல் கல்லு. அதும்மேல உக்காந்துதான் விடணும். ஒரு நாளு உக்காந்திருக்கறன், பக்கத்துல ஒரு நாயும் வந்து உக்காந்துச்சி. நான் அதப் பாத்தன். அது என்னப் பாத்துச்சி. ஒண்ணும் பேசிக்கல. அதுவும் ரெண்டு வீட்டு நாயி."

வேலி மொத்தமும் வெடித்தது. கவுண்டர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். வயிறு குலுங்கியதை மூடத் துண்டு போதவில்லை. சிரிப்பு அடங்குவதற்காக முனிவேல் காத்திருந்தான். அடுத்த வரியைச் சொல்ல. அது பழக்கம். காத்திருக்கிறோம் என்று உறைத்ததும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சட்டென்று உட்கார்ந்துவிட்டான்.

பூவம்மாள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றாள் நாராயணம்மா. "எம்பிள்ளைய நாயோட உக்கார வச்சிட்டான். உள்ள நடக்கறது இவனுக்கு எப்பிடித் தெரியும்? யாரு குடுத்தது? அதக் கேளுங்க. எம்மருமவதான் குடுத்தா. வீட்டு சங்கதிய வெளிய வித்தவ எனக்கு வேணாம். அண்ணன் கூடவே போவட்டும். இல்ல, இங்கயே இருக்கறன்னா, அவனுக்கும் இவளுக்கும் இன்னியோட அத்துப்போவணும். நல்லதுக்கும் வரக்கூடாது, சாவுக்கும் வரக்கூடாது."

கவுண்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்துவிட்டதற்காக அவருக்கு இப்போது கோபம் வந்திருந்தது.

"முனிவேலு, யாரு குடுத்தா?"

"அதச் சொல்றதில்லிங்க. சரக்குக் குடுத்தவங்க பேர எந்த பபூனும் சொல்றதில்ல. தொழில்ல அப்பிடி."

"தொழில ராத்திரி வச்சிக்க. ஞாயித்துக்கெழம நீ எங்கெங்க போன? நானும் விசாரிச்சிட்டுத்தான் உக்காந்திருக்கறன். ரெண்டே எடம். பாஷா கட. இந்த வீடு. பாஷா இல்லன்னா பூவம்மா. பூவம்மா இல்லன்னா பாஷா. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

முனிவேல் பாஷாவைப் பார்த்தான். பாஷா அன்று ஒரு டீ கொடுத்தார், "உக்காரு முனிவேலு, பஸ்ஸுல நின்னுட்டு வந்திருப்ப" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. தனக்குத் தெரிந்த ஊர்ச் சங்கதியைக் கொதிக்கிற பாலோடு சேர்த்து மூடி வைக்கிற ஆள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் சரக்குக் கொடுத்ததில்லை.

"பாஷா பாய் கடையிலதாங்க கேட்டன்" என்றான் முனிவேல்.

சொல்லும்போது அவன் குரல் பிசகவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாஷா ஒரு நிமிஷம் அவனையே பார்த்தார். பிறகு பூவம்மாளைப் பார்த்தார். வெயிலில் நின்று நின்று அவள் கழுத்தெல்லாம் வேர்வை. அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"பேச்சுவாக்குல சொல்லியிருப்பன் கவுண்டரே. ஞாபகமில்ல. வயசாச்சி."

"கட யாரு எடத்துல இருக்குதுன்னு ஞாபகம் இருக்குதா?"

"உங்க எடம்தான்."

"எடுத்துருங்க. அடுத்த சந்தைக்குள்ள எடம் காலியா இருக்கணும்."

"ஆவட்டும்" என்றார் பாஷா. இருபது வருஷத்துக் கடையை அந்த ஒரு சொல்லில் இறக்கி வைத்துவிட்டு, கைத்தடியை எடுத்தார்.

"உக்காருங்க பாய்."

சொன்னது பூவம்மாள்.

"பாய் ஒண்ணும் சொல்லல. எங்கண்ணன் பொய் சொல்லுது. நான்தான் குடுத்தன்."

"பூவு, சும்மா இரு" என்றான் முனிவேல்.

"நீ சும்மா இருண்ணா. இத்தன நேரம் பேசினியே, போதும்." அவள் கவுண்டரைப் பார்த்துத் திரும்பினாள். "எங்கண்ணனுக்கு அது யாருன்னு தெரியாது. யாரோ ஒருத்தர்னுதான் சொன்னன். எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சொன்னன்."

நாராயணம்மா கையைத் தட்டினாள். "கேட்டீங்களா? கேட்டீங்களா கவுண்டரே? அவ வாயாலயே வந்துச்சா?"

"ஏம்மா இப்பிடிப் பண்ண?" என்றார் கவுண்டர். குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"இவரக் கேட்டன். அடிச்சாரு. எங்க அத்தகிட்ட சொன்னன். ஆம்பளன்னா அப்பிடித்தான், நீ ஒளுங்கா ஆக்கிப் போடுன்னாங்க. அப்புறம் உங்க வீட்டுக்கே வந்தன். நீங்க இல்ல. உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டு வந்தன். ஒரு மாசம் பாத்தன். ஒண்ணும் வரல."

கவுண்டர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரு சொல்லியும் கேக்காத மனுசன், ஊரே கூடி சிரிச்சா வெக்கப்பட்டு நிறுத்திடுவாருன்னு நெனச்சன். மொதல்ல ஒருத்தராச்சும் சிரிச்சாத்தான் மத்தவங்க சிரிப்பாங்கன்னு எங்கண்ணன் அடிக்கடி சொல்லும். அதான் நானே சிரிச்சன். ஊரு சிரிச்சிது. இவரு நிறுத்தல. அன்னிக்கு ராத்திரியும் அங்கதான் போனாரு."

சென்றாயன் வாயைத் திறந்தான். தாய் அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"காலையில இருந்து யாரு குடுத்தா, யாரு குடுத்தான்னே கேக்கறீங்க" என்றாள் பூவம்மாள். "நெசமா பொய்யான்னு ஒருத்தரும் கேக்கலயே கவுண்டரய்யா."

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதற்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். கவுண்டர் கட்டிலின் கயிற்றை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் இரண்டு பேர் நழுவினார்கள். சிரிக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஜனம் நிற்காது. முனிவேலுக்கு அது தெரியாததல்ல.

"பாஷா, நீங்க போங்க. கட இருக்கட்டும்" என்றார் கவுண்டர், அது ஒன்றாவது தன் கையில் இருக்கிறதே என்பதுபோல்.

பாஷா வேலிப் படலைத் தாண்டும் முன் முனிவேல் அருகில் நின்றார்.

"எம்பேர சொன்னியே, அதுக்கு ஒண்ணும் இல்ல முனிவேலு. உன் தங்கச்சிக்காவ சொன்ன, புரியுது. ஆனா இனிமே கடைக்கு வராத. நீ வந்து உக்காந்தா ஜனம் வாயத் தெறக்காது. எனக்கும் கஷ்டம்."

அடித்திருக்கலாம். அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கவுண்டர் தொண்டையைச் செருமினார். "பூவம்மா, நீ என்னா சொல்ற? இருக்கறியா, போறியா?"

"போறன்" என்றாள் அவள். "பிள்ளையக் குடுங்க. எங்கண்ணன் கூடப் போறன்."

வீட்டுக்குள் தூளியில் இரண்டு வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அத்தனை சத்தத்திலும் அது எழுந்திருக்கவில்லை.

"பிள்ளைய எதுக்கு அனுப்பறது?" என்றாள் நாராயணம்மா. "மாட்டு வண்டியில ஊர் ஊரா வேஷக்காரங்களோட சுத்தறதுக்கா?"

"இரும்மா, நான் பேசறன்" என்றார் கவுண்டர். "தாய்கிட்ட இருந்து பாலு மறக்காத பிள்ளையப் பிரிக்க எனக்கும் மனசில்ல. முனிவேலு, ஒண்ணே ஒண்ணு கேக்கறன். இவளயும் பிள்ளையயும் கூட்டிட்டுப் போயி வக்கறதுக்கு உனக்கு ஒரு வீடு இருக்குதா? இருக்குதுன்னு சொல்லு. இப்பவே கூட்டிட்டுப் போ. எவன் தடுக்கறான்னு நான் பாக்கறன்."

பூவம்மாள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. சொல்லிவிடுவான் என்று அவளுக்கு நிச்சயமாக இருந்தது.

இருக்குதுங்க. ஒரே ஒரு சொல். எந்த வீடு, எங்கே, எத்தனை அறை என்று யாரும் கெலமங்கலம் வரைக்கும் வந்து எண்ணப் போவதில்லை. இதைவிடப் பெரிய பொய்யை அரை மணி முன்னால் இதே இடத்தில் அவன் சொல்லியிருக்கிறான். ஒன்றுமில்லாத கோட்டின்மேல் நின்று அரண்மனையும் காடும் கோழிக்குழம்பும் கட்டிக் காட்டியவன். அவன் வாயைத் திறந்தான். சரோஜம்மாளின் அப்பாவுடைய கால்மாடு வந்து நின்றது. தம்பி பெண்டாட்டி போடும் பாத்திரம் வந்து நின்றது. மாட்டுக்குப் பக்கத்தில் தான் படுக்கும் ஈரச் சாக்கு. அதில் இவளையும் பிள்ளையையும் எங்கே கிடத்துவது? நாலாம் நாள் மூவரும் எந்த ஊர்ச் சத்திரத்தில் போய் நிற்பது?

வாயை மூடினான்.

"கேக்கறன் இல்ல, முனிவேலு?"

"எதனா சொல்லுடா" என்றார் வாத்தியார், தாள முடியாமல்.

ஒன்றும் வரவில்லை. அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் ஞாயிற்றுக்கிழமை மாவு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

பூவம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் அவன் எழுந்து ஓடிப்போய்க் காலைப் பிடித்திருப்பான். அதற்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

"சரி" என்றாள். "நான் இருக்கறன் கவுண்டரய்யா."

"அப்ப உன் மாமியா சொன்னதுதான் ஞாயம்" என்றார் கவுண்டர். கட்டிலை விட்டு எழுந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அண்ணன் இந்த வாசல மிதிக்கக் கூடாது. நீயும் அங்க போவக்கூடாது. சென்றாயா, பொம்பள மேல கை நீட்டாத. சொல்லிட்டன்."

"ஆவட்டுங்க" என்றான் சென்றாயன். அன்று அவன் பேசிய ஒரே பேச்சு அது.

வாத்தியார் புத்தகத்தைத் துணியில் சுற்றினார். முடிச்சு விழவில்லை; இரண்டு தடவை போட்டார். "வாடா, பஸ்ஸு வந்துரும்" என்று முனிவேலின் தோளைத் தொட்டார். முனிவேல் எழுந்தான். வாசலை விட்டு ஏழெட்டு அடி நடந்திருப்பான்.

"அண்ணா."

திரும்பினான். பூவம்மாள் வாசற்படி ஏறிவிட்டாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நாராயணம்மா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"எனக்கு அது தெரியும்னு சொன்னன். எனக்கு யாரு வந்து சொன்னாங்கன்னு நீ கேக்கவேயில்லயேண்ணா."

"யாரு பூவு?"

"போடி உள்ள" என்று நாராயணம்மா அவளை உள்ளே தள்ளினாள். சென்றாயன் எட்டி இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினான். உள்ளிருந்து பூவம்மாள் ஏதோ சொன்னாள். பலகைக்குப் பின்னால் அது சொல்லாக வரவில்லை, குரலாக மட்டும் வந்தது. முனிவேல் ஓடி வந்தான். படலுக்குள் கால் வைக்கும் முன் கவுண்டர் ஆள் ஒருவன் மார்பில் கை வைத்து நிறுத்தினான்.

சென்றாயன் வெளியிலிருந்தே சங்கிலியைக் கொண்டியில் மாட்டினான். பூட்டைத் தொங்கவிட்டு அமுக்கினான். சாவியை ஒரு சுற்றுச் சுற்றினான். இழுத்துப் பார்த்தான். இன்னொரு சுற்றும் சுற்றினான்.